கை, கால் மென்திசுப் புற்றுநோய் அறுவை சிகிச்சையும் அதன் பிறகான வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தத்தில் பிசியோதெரபி செய்துவருகிறேன். கையிலோ காலிலோ மென்திசுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கங்களிலிருந்து என்னிடம் வருகிறார்கள். இது அரிதான நோய் என்பதால் ஒரு நோயாளி இன்னொரு நோயாளியைச் சந்திப்பது அநேகமாக நடப்பதில்லை. ஆகவே ஒவ்வொருவரும் ஒரே சந்தேகத்தைத் தனக்கு மட்டுமே வந்தது போலத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு இது உதவும்.

"கட்டி பெருசாயிக்கினே போவுது, ஆனா வலியே இல்ல. கொழுப்புக் கட்டியாத்தானே இருக்கும்?"

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மென்திசுப் புற்றுநோயான மென்திசு சார்கோமா ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். ஆனால் வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடைத் தசைக்குள் வளரும் கட்டி, நரம்பையோ எலும்பையோ அழுத்தும் வரை பெரும்பாலும் வலிப்பதில்லை.

கட்டி 5 செ.மீ.க்கு மேல், அதாவது நல்ல எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருந்தாலோ, மாதத்துக்கு மாதம் வளர்ந்தாலோ, தசையை இறுக்கும்போது நகராமல் உள்ளே பிடித்துக்கொண்டாலோ, முன்பு எடுத்த இடத்திலேயே மறுபடி வந்தாலோ, அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. எண்ணெய் போட்டு உருவுவதும் பத்துப் போடுவதும் வேண்டவே வேண்டாம். உருவும்போது கட்டிக்குள் ரத்தம் கசியலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்த மாதங்கள் திரும்பி வராது என்பது.

"சார்கோமான்னா இன்னா? எலும்புப் புத்துநோயா? அடிபட்டதால வந்ததா?"

தசை, கொழுப்பு, நரம்பின் உறை, ரத்தக்குழாய், தசைநார் ஆகிய மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றுநோய்கள் இந்தப் பெயரில் அடங்கும். இவற்றில் 50க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. எலும்பில் வருவது வேறு. உடலில் எங்கும் வரலாம் என்றாலும், கை, கால்களை எடுத்துக்கொண்டால் தொடையில்தான் அதிகம். அடிபட்டதால் இது வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கெனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை.

"ஊசி குத்தி சதை எடுத்தா நோய் பரவிடும்னு சொல்றாங்களே?"

ஊசி போகும் பாதையில் நோயின் அணுக்கள் ஒட்டக்கூடும் என்பது உண்மை. அதனால்தான் அந்தப் பாதை, பின்னால் அறுவை சிகிச்சையில் கத்தி வைக்கப்போகும் கோட்டிலேயே அமையும்படி குத்துவார்கள். அறுவையின்போது அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவார்கள். ஆகவே பயாப்ஸிக்கு அஞ்ச வேண்டாம். அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவின் யோசனை இல்லாமல் வேறு எங்கோ குத்திக்கொள்வதற்குத்தான் அஞ்ச வேண்டும். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு பயாப்ஸி, சார்கோமா என்று உறுதியானால் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் என்பதே வழக்கமான வரிசை. இந்த நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும் என்பதால் நெஞ்சைப் பார்க்கிறார்கள்.

"ஊர்லயே சின்ன ஆபரேஷன்னு சொல்லி எடுத்துட்டாங்க. இப்ப ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்துகீது. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?"

பண்ண முடியும். என்னிடம் மனம் உடைந்து இதைக் கேட்டவர்கள் பலர். கொழுப்புக் கட்டி என்று நினைத்து எடுத்த பிறகு சார்கோமா என்று தெரியவருவது உலகம் முழுவதும் நடக்கிறது. அப்படி எடுத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பெரும்பாலோருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, பழைய தழும்பையும் அதன் அடியில் உள்ள பரப்பையும் சேர்த்து மறுபடி அறுவை செய்வார்கள்.

இதில் இழப்பு எங்கே என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். என் உறவினர் ஒருவருக்குத் தொடையில் கட்டியை எடுத்தபோது தழும்பு தொடையின் நீளவாக்கில் இல்லாமல் குறுக்கே ஓடியது. ரத்தம் வடிய வைத்த குழாயின் துளை அந்தத் தழும்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. இரண்டாம் முறை அறுவை செய்தவர்கள் அந்தத் துளையையும் நோய் தொட்ட இடமாகவே கருதி எடுக்க வேண்டியிருந்தது. முதலிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் ஒரு நேர்க்கோட்டுத் தழும்போடு முடிந்திருக்கும். இப்போது இடுப்பிலிருந்து தோல் எடுத்து ஒட்டும்படி ஆயிற்று. முதல் கத்தி சரியாக விழுவதுதான் பின்னால் வரும் வாழ்நாள் முழுவதையும் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்தத் தொடைதான் காரணம்.

உங்களுக்கு இப்படி நேர்ந்திருந்தால், பரிசோதனைக்கூடத்தில் இருக்கும், எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு, சார்கோமாவைத் தொடர்ந்து கையாளும் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காகித ரிப்போர்ட் மட்டும் போதாது. இவற்றை அங்கே மறுபடி பார்ப்பார்கள்.

"காலை எடுத்துடுவாங்களா?"

அனுபவமுள்ள மையங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கையோ காலோ காப்பாற்றப்படுகிறது. முக்கிய நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் எலும்பையும் கட்டி ஒருசேரச் சூழ்ந்திருந்தாலோ, எடுத்த பிறகு பயனுள்ள கால் என்று எதுவும் மிஞ்சாது என்றாலோ, திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து வேறு வழி இல்லாமல் போனாலோதான் எடுக்கச் சொல்வார்கள்.

"காலோட எடுத்துட்டா நோய் சுத்தமா போயிடுமே? உசுரு முக்கியமா, காலு முக்கியமா?"

வீட்டுப் பெரியவர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள், அன்பினால் கேட்கிறார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் நுரையீரலுக்குப் பரவுவதால் வருகிறது. அந்தப் பரவல் நடந்திருந்தால் காலை எடுப்பதால் அது திரும்பிவிடாது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஆய்வில் 43 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 16 பேருக்குக் காலையோ கையையோ எடுத்தார்கள். 27 பேருக்கு உறுப்பைக் காப்பாற்றும் அறுவையும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். உறுப்பைக் காப்பாற்றியவர்களில் 4 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. எடுத்தவர்களில் யாருக்கும் அப்படித் திரும்பவில்லை. ஆயினும் உயிர் பிழைத்திருப்பதில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் அதற்குப் பிறகுதான் காலைக் காப்பாற்றுவது உலகெங்கும் வழக்கமாயிற்று.

"கட்டி ஒரு கைப்பிடி அளவுதான். எதுக்கு இவ்ளோ சதையை வெட்டினாங்க?"

மாங்கொட்டையைச் சுற்றி நார் சதைக்குள் ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சார்கோமாவைச் சுற்றி ஓர் உறை இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த உறையைத் தாண்டியும் நோய் நார்நாராக ஓடியிருக்கலாம். கொட்டையை மட்டும் பிதுக்கி எடுத்தால் நார் உள்ளே தங்கிவிடும். அதனால் சுற்றிலும் நல்ல திசுவை ஓர் அடுக்காகச் சேர்த்து எடுக்கிறார்கள். எடுத்ததன் விளிம்பில் நோய் இருக்கிறதா என்று பிறகு பரிசோதிப்பார்கள்; ரிப்போர்ட்டில் நீங்கள் கவனமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வரி அந்த விளிம்பைப் பற்றியதுதான்.

"கரண்ட் ஆபரேஷனுக்கு முன்னாடி வைக்கிறது நல்லதா, பின்னாடியா?"

கதிர்வீச்சைத்தான் நம் பக்கம் கரண்ட் என்கிறோம். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. சிறிய, மேலோட்டமான, வீரியம் குறைந்த கட்டியை நல்ல விளிம்போடு எடுத்திருந்தால் அது தேவைப்படாமலும் போகலாம்.

தேவைப்படும்போது, முன்னால் கொடுத்தால் அளவு குறைவு: பெரும்பாலும் 50 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), 25 நாட்கள், அதாவது ஐந்து வாரம். பின்னால் கொடுத்தால் 60 முதல் 66 கிரே வரை, அதுவும் அறுவை நடந்த பரப்பு முழுவதற்கும். 2002இல் வெளியான கனடா நாட்டு ஆய்வில், முன்னால் பெற்றவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கும் பின்னால் பெற்றவர்களில் 17 பேருக்கும் புண் ஆறுவதில் சிக்கல் வந்தது. அதே நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பின்னால் பெற்றவர்களுக்குத் தசை இறுகிப்போவது கூடுதலாக இருந்தது. மூட்டு விறைப்பும் வீக்கமும் அவர்கள் பக்கமே சற்று அதிகம். புண் எப்படியும் சில மாதங்களில் ஆறிவிடுகிறது. இறுகிய தசை வாழ்நாள் முழுவதும் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால், புண்ணால் வரும் தொல்லையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பேன். ஆனால் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கட்டி இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால் அதற்குக் காரணம் இருக்கும்.

"கீமோ எல்லாருக்கும் வேணுமா?"

வேண்டாம். சில வகைகளுக்கு அது கட்டாயம்; பெரிய, ஆழமான, வீரியம் மிகுந்த கட்டிகளில் பலன் இருக்கலாம் என்று ஆலோசிப்பார்கள்; பல வகைகளுக்குக் கொடுப்பதே இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏறுகிற மருந்து உங்களுக்கு ஏறவில்லை என்றால் உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருள் அன்று. இளவயதினர், மருந்து தொடங்கும் முன்பே, பிற்காலத்தில் குழந்தை பெறும் வாய்ப்பைக் காப்பது பற்றிக் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

"நரம்பை வெட்டணும்னு சொல்றாங்க. நரம்பு போனா காலு இருந்தும் இல்லாத மாதிரிதானே?"

முதலில் எந்த நரம்பு என்று கேளுங்கள். நம் பேச்சில் ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். ரத்தக்குழாய் என்றால், வேறு இடத்திலிருந்து குழாய் எடுத்தோ செயற்கைக் குழாய் வைத்தோ இணைக்க முடியும். உணர்வையும் அசைவையும் தரும் நரம்பு என்றால், எந்த நரம்பு போகிறதோ அதற்கேற்ற வேலை மட்டும் போகும். தொடை முன்பக்க நரம்பு போனால் முழங்காலை நீட்டும் வலு போய், திடீரென மடங்கி விழும் ஆபத்து உண்டு. முழங்காலுக்கு வெளிப்பக்கமாக இறங்கும் நரம்பு போனால் பாதம் தொங்கிவிடும். பின்தொடையில் ஓடும் பெரிய நரம்பு முழுவதும் போனால்கூட, கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக்கொண்டு நடப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக மட்டும் காலை எடுக்க வேண்டியதில்லை.

பாதம் தொங்குவதைச் சரிசெய்யும் வித்தை வேலூருக்குப் பழகியது. தொழுநோயால் மடங்கிய விரல்களையும் தொங்கிய பாதங்களையும் தசைநாரை இடம் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவைகளுக்கு, 1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டும் உடன் இருந்தவர்களும் வழி திறந்தார்கள். வேலை செய்யும் ஒரு தசைநாரைப் பாதத்தின் முன்பக்கத்துக்குக் கொண்டுவரும் அதே முறை, நரம்பை இழந்த சார்கோமா நோயாளிகளில் தகுந்தவர்களுக்கும் செய்யப்படுகிறது.

உள்ளங்காலில் உணர்வு போனவர்கள், தொழுநோயாளிக்கும் சர்க்கரை நோயாளிக்கும் சொல்லும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்: எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளும் வெறுங்கால் கூடாது, இரவு படுக்கும் முன் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது. சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, மறுநாள் கொப்புளத்தைக் கண்டபிறகுதான் சுட்டதே தெரிந்தது என்று வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

"காலைக் காப்பாத்திட்டாங்க, சந்தோஷம். ஆனா சம்மணம் போட்டு உக்கார முடியலியே?"

இந்தக் கேள்வியை அறுவைக்கு முன்பே யாராவது கேட்க வைத்திருக்க வேண்டும். கனடாவின் டொரோண்டோவில் 1990களில் உருவாக்கி உலகம் முழுவதும் பயன்படும் ஒரு வினாத்தாள் இருக்கிறது. குனிந்து உடுத்துவது, படியேறுவது, மண்டியிடுவது, வீட்டு வேலை, தொழில் ஆகியவை எவ்வளவு கடினம் என்று நோயாளியையே கேட்டு மதிப்பெண் போடுவார்கள். நல்ல கருவி அது. ஆனால் நம் வாழ்க்கை தரையில் நடக்கிறது: குந்திப் போகும் கழிப்பறை, தரையில் பாய், பந்தியில் இலை, தறிக்குழி, மடியில் முறம்.

பீடி சுற்றும் ஓர் அம்மாவுக்குத் தொடை முன்பக்கத் தசையில் பெரும்பகுதி போயிற்று. முழங்கால் முழுவதும் மடங்கவில்லை; மடியில் முறம் நிற்காமல் இலையும் தூளும் சரிந்தன. காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தைத் தாழ்ந்த மணைப்பலகையின் மேல் வைத்துக்கொள்ளும்படி மாற்றினோம். பழைய கணக்குக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. கழிப்பறையில் மேற்கத்தியக் கோப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்ததுதான் அவருக்கு எல்லா உடற்பயிற்சியையும்விடப் பெரிய விடுதலை.

ஆகவே அறுவைக்கு முன்பே, "நான் இந்த வேலை செய்கிறேன், இப்படி உட்காருகிறேன்" என்று மருத்துவரிடம் உட்கார்ந்தே காட்டுங்கள். எந்தத் தசை போகும், அதன் பிறகு எது முடியாது என்பதை அவர் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும்.

"எத்தினி நாளு உடற்பயிற்சி செய்யணும்? எலும்பு முறியும்னு பயமுறுத்துறாங்களே?"

தோலோ தசையோ ஒட்டியிருந்தால் அது பிடிக்கும் வரை அசைக்காமல் வைக்கச் சொல்வார்கள். அதன் பிறகு தாமதம் கூடாது. கதிர்வீச்சு பெற்ற திசு, சிகிச்சை முடிந்து ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு வரைகூட மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். மூன்றாம் மாதம் நன்றாக மடங்கியது என்று நிறுத்தியவர்கள் பத்தாம் மாதம் விறைத்த முழங்காலோடு வருகிறார்கள். குறைந்தது இரண்டு ஆண்டுக்குத் தினமும் நீட்டி மடக்குங்கள்.

எலும்பு பற்றிய எச்சரிக்கையும் உண்மைதான். தொடை எலும்பின் மேலுறையை உரித்தெடுத்து, அதற்கு அதிகக் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால், பல ஆண்டுகள் கழித்து இலேசான தடுமாற்றத்திலேயே அது முறியலாம். வயதான பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். நடக்கும்போது தொடையில் புதிதாக வலி வந்தால் மூட்டுவலி என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்கு அஞ்சிப் படுத்திருப்பது எலும்பை மேலும் பலவீனமாக்கும்.

"காலு வீங்கிக்கினே கீது. யானைக்கால் மாதிரி ஆயிடுமா?"

நிணநீர் ஓடும் பாதைகள் அறுபட்டும் இறுகியும் போவதால் வரும் வீக்கம் இது. கொசுவால் வருவது அன்று. அழுத்தக் காலுறை, இரவில் காலை உயர்த்தி வைப்பது, முறையான கட்டு, தோலில் வெடிப்பு வராமல் எண்ணெய் தடவுவது ஆகியவற்றால் கட்டுக்குள் வைக்கலாம். வேலூர் வெயிலில் காலுறை போடுவது கொடுமைதான். காலை எழுந்தவுடன், வீக்கம் ஏறுமுன் போட்டு, நடமாட்டம் ஓய்ந்த நேரத்திலாவது கழற்றுங்கள். திடீரென ஒரே நாளில் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தாலோ, சிவந்து காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலாவது ரத்தக்கட்டாக இருக்கலாம், இரண்டாவது கிருமித்தொற்று.

"காலை எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வாழ்க்கை இன்னா இருக்கு?"

இருக்கிறது. காலைக் காப்பாற்றியவர்களுக்குச் செயல்திறன் பொதுவாகக் கூடுதல். ஆனால் மொத்த வாழ்க்கைத் தரத்தில் இரு சாராருக்கும் உள்ள இடைவெளி நாம் நினைப்பதைவிடச் சிறியது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. இல்லாத காலில் வலியும் அரிப்பும் வருவது உண்மை, மனநோய் அன்று. மருந்தும், கண்ணாடியில் மறுகாலைப் பார்த்து அசைக்கும் பயிற்சியும், செயற்கைக் காலைப் போட்டு நடக்கத் தொடங்குவதும் பலருக்கு அதைத் தணிக்கின்றன.

1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. செயற்கைக்கால், நடைப்பயிற்சி, தொழில் மாற்றம் ஆகியவற்றைக் கற்றவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அறுவைக்கு முன்பே அவர்களைச் சந்தித்துவிடுங்கள்.

"செலவுக்கு இன்னா வழி? நொண்டி நடக்கிறதுக்கு அடையாள அட்டை குடுப்பாங்களா?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கட்டி இருப்பது தெரிந்த வாரமே காப்பீட்டு அட்டையைச் சரிபாருங்கள். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை இருக்கிறது. கால் இருப்பவருக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடையாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், அது தவறு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மருத்துவக் குழு மதிப்பிடும் இயக்கக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பலன்களுக்குத் தகுதி உண்டு. தசையும் நரம்பும் போனதால் வரும் வலுக்குறைவும் கணக்கில் சேரும்.

"அஞ்சு வருஷம் முடிஞ்சா விட்டுடலாமா? நடுவுல நுரையீரல்ல வந்தா அவ்ளோதானா?"

நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான். அதனால் அப்போது மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் அழைப்பார்கள். சில வகைகள் பத்து ஆண்டு கழித்தும் வருவதுண்டு. நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். நுரையீரலில் ஒன்றிரண்டு சிறு முடிச்சுகளாக வந்தால், தகுந்தவர்களுக்கு அவற்றையும் அறுவையால் எடுக்கிறார்கள். அப்படி எடுத்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. இருமல் இல்லை என்று நெஞ்சுப் படத்தைத் தவிர்க்காதீர்கள். வலியில்லாத கட்டியைப் பற்றி முதல் பதிலில் சொன்னது இங்கும் பொருந்தும்.

"சோளிங்கர் மலைக்கு வேண்டிக்கினு இருக்கேன். ஏறலாமா?"

யோக நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு 1305 படிகள். இப்போது ரோப் காரும் ஓடுகிறது. அதில் போவதால் வேண்டுதல் குறையாது என்று நான் நம்புகிறேன். ஏறியே தீர வேண்டும் என்றால், முழங்கால் தானாக மடங்காத நிலையும், வீட்டு மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இருபது முறை ஏறி இறங்கும் வலுவும் வந்த பிறகு போங்கள். உடன் ஒருவர் இருக்கட்டும். தொடை எலும்பு பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்துமானால், ஒரு எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் வையுங்கள்.